ரோபோவின் மணிக்கட்டு

இரண்டு ரோபோக்களும் ஒரே நாளில் ஒரே லாரியில் வந்தவை. ஒரே மாடல், வரிசை எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு. ஒன்றை ஒரகடத்தில் இருக்கும் எங்கள் கம்பெனியின் இன்னொரு தொழிற்சாலையில் இறக்கிவிட்டு, மற்றதை எர்ணாவூருக்குக் கொண்டுவந்தார்கள். திருவொற்றியூரைத் தாண்டியதும் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி அரை நாள் நின்றதாக டிரைவர் சலித்துக்கொண்டார். தார்ப்பாயை அவிழ்த்தபோது கல்யாண வீட்டுப் பாத்திரம் போலத் துளி கறை இல்லாமல் இருந்தது. கூடவே தலையணை கனத்தில் ஒரு கையேடு. பராமரிப்புப் பிரிவில் அதை முழுக்கப் படித்தது நான் மட்டும்தான். படிக்கச் சொன்னதும் என்னைத்தான்.

கையேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஆயுள் போட்டிருந்தது. கியர்பாக்ஸ் இத்தனை மணி நேரம், கேபிள் இத்தனை, பிரேக் இத்தனை, கிரீஸ் இத்தனை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. சாதாரணச் சூழ்நிலையில் ஓடினால்தான் இந்தக் கணக்கு என்றது அது. சாதாரணம் என்றால் என்ன என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. காற்றில் உப்பு கூடாது. உலோகத் தூள் கூடாது. அறைக்குள் சூடு ஏறக் கூடாது. முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. அவசர பட்டனை அழுத்தி நிறுத்துவதை வழக்கமாக்கக் கூடாது.

எங்கள் ஷெட் இருந்த இடம் அப்படி. கிழக்கே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அப்புறம் கடல். வடக்கே அனல்மின் நிலையத்துச் சாம்பல். காலையில் வண்டியைத் துடைத்து நிறுத்தினால் சாயங்காலம் சீட்டில் விரலால் பேர் எழுதலாம். உள்ளே அலுமினியத்தை உருக்கி அச்சில் அடித்து, ஸ்கூட்டர் இன்ஜினுக்கு மூடி வார்க்கும் வேலை. உருகிய அலுமினியத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அச்சு திறந்ததும் கையை உள்ளே விட்டுச் சுடச்சுட மூடியை எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஓரம் வெட்டும் பிரஸ்ஸில் வைப்பதுதான் அந்த ரோபோவுக்குக் கொடுத்த வேலை. ஒரகடத்தில் இருந்த அதன் ஜோடி, ஏசி போட்ட ஹாலில் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் முன்பு இடுக்கி பிடித்து மூடி எடுத்தவர்கள் நாலு பேர். ரோபோ வந்ததும் மூன்று பேரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மிச்சம் ஒரு பெண் ஆபரேட்டர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கான்ட்ராக்ட் ஆள். கடல் அரிப்பில் குப்பத்து வீடு போன பிறகு எர்ணாவூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இடம் கொடுக்கப்பட்ட மீனவக் குடும்பம். கணவர் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். நான் தண்டையார்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவேன். கம்பெனி வாசலுக்கு வெளியே அவர் என்னைத் தம்பி என்பார், உள்ளே வந்துவிட்டால் சார்.

டிப்ளமோ படித்த எனக்கு ரோபோ ஓட்டத்தைப் புரிந்துகொள்ள இரண்டு மாதம் பிடித்தது. அவருக்கு அவ்வளவு நாள் ஆகவில்லை. அச்சில் மூடி ஒட்டிக்கொள்ளப் போகிறது என்பதை அது ஒட்டுவதற்கு முன்பே சொல்வார். எப்படித் தெரியும் என்று கேட்டால், தண்ணீர்த் தொட்டியில் முக்கும்போது வரும் சீறல் மாறுகிறது என்பார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு எல்லாச் சீறலும் ஒன்றுபோலத்தான் கேட்டது.

முதல் கத்திரி வெயிலிலேயே கோளாறு ஆரம்பித்தது. ரோபோவுக்கு மூளை மாதிரி ஒரு இரும்பு அலமாரி உண்டு, கன்ட்ரோல் பேனல். அதற்குள் சூடு ஏறி, அலாரம் அடித்து, லைன் நின்றது. வெளிக்காற்று உள்ளே போகாதபடி மூடியே வைத்திருக்க வேண்டிய அலமாரி அது. சாம்பல் படிந்து பில்டர் அடைத்திருந்தது. புது பில்டரும் பேனலுக்கென்று ஒரு சின்ன ஏசியும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். தொழிற்சாலை மேனேஜர் வந்து பார்த்தார். அலமாரிக் கதவைத் திறக்கச் சொல்லி, எதிரே பெரிய பெடஸ்டல் ஃபேனை வைக்கச் சொன்னார். அலாரம் நின்றுவிட்டது. அதை அடுத்த மீட்டிங்கில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். உப்பும் சாம்பலும் அலுமினியத் தூளும் நேராக உள்ளே போகிறதே என்றேன். நீ புத்தகத்தைப் படிக்கிறாய், நான் தொழிற்சாலை நடத்துகிறேன் என்றார்.

ரோபோவின் கைக்கு வெப்பம் தாங்கும் துணியில் ஒரு கோட்டு உண்டு. தெறிக்கும் அலுமினியத்திலிருந்து மூட்டுகளைக் காப்பது அதுதான். எட்டாவது மாதம் அது மணிக்கட்டுப் பக்கம் கிழிந்தது. புதுசு கேட்டேன். வரும் வரும் என்றார்கள், வரவில்லை. ஒருநாள் அந்த ஆபரேட்டர் அம்மா தன் வீட்டிலிருந்து வலை பின்னும் ஊசியும் நைலான் நூலும் கொண்டுவந்து, சாப்பாட்டு நேரத்தில் கிழிசலைத் தைத்தார். நைலான் ஒரு வாரத்தில் உருகிப்போனது. பிறகு மெல்லிய செம்புக் கம்பியால் தைத்தார். அது நின்றது. நான்தான் கம்பி எடுத்துக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று மேனேஜரே கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் சிவப்பு பட்டன். ரோபோவை முறையாக நிறுத்தினால் கையில் இருக்கும் வேலையை முடித்து, தன் இடத்துக்குப் போய், மெதுவாக நிற்கும். அவசர பட்டனை அழுத்தினால் ஓடுகிற ஓட்டத்தில் அப்படியே பிரேக் பிடித்து நிற்கும். ஓடுகிற பஸ்ஸை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துவது மாதிரி. ஆளுக்கு ஆபத்து என்றால் மட்டும் தொட வேண்டிய பட்டன். ஆனால் மூடி ரோபோவின் இடுக்கியில் கோணலாக மாட்டும்போதெல்லாம் முறையாக நிறுத்திக்கொண்டிருந்தால் எண்ணிக்கை குறைந்தது. ஷிப்ட் பார்த்த சூப்பர்வைசர் அந்த அம்மாவிடம் சிவப்பை அழுத்து, எடு, மறுபடி ஓட்டு என்றார். வாயால் சொன்னார், எழுதிக் கொடுக்கவில்லை. வேகத்தையும் முழுசாக ஏற்றி வைத்தார்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ரோபோவின் கை முழுக்க ஒரு உதறல் ஓடும். நான் பக்கத்தில் இருந்தால் என் பல் கூசும். இந்த பட்டனை இப்படி அழுத்தக் கூடாது என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். அதுக்கு அவங்ககிட்ட போய் சொல்லு சார், என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

இனி சொல்லப்போவதுதான் என் பங்கு. மணிக்கட்டு கியர்பாக்ஸில் கிரீஸ் மாற்ற வேண்டிய நாள் வந்தது. நம் இடத்தின் சூட்டுக்கும் உப்புக்கும் பாதிக் காலத்திலேயே மாற்றியிருக்க வேண்டும். கையேட்டுக் கணக்குப்படி பார்த்தாலும் நாள் வந்துவிட்டது. பழைய கிரீஸை வெளியேற்றிப் புதுசு ஏற்ற அரை ஷிப்ட் ரோபோ நிற்க வேண்டும். நேரம் தர மாட்டோம் என்றார்கள். அந்த வாரம் பார்த்து வாடிக்கையாளர் கம்பெனி தணிக்கைக்கு வந்தது. பராமரிப்புப் பதிவேட்டில் கிரீஸ் மாற்றியதற்கான கட்டம் காலியாக இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிடு, ஞாயிற்றுக்கிழமை ரோபோவை உனக்குத் தருகிறேன், மாற்றிக்கொள் என்றார். போட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் லைன் ஓடியது. அடுத்த தவணைக்கும் அதே மாதிரி போட்டேன். இரண்டாவது முறை அவர் கேட்கவே இல்லை. நானாகப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து, காலை ஷிப்ட் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா என்னைத் தேடி ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். தன் இடத்தை விட்டு வருகிற ஆள் இல்லை அவர்.

"சார், அதோட மணிக்கட்டுல சத்தம் வந்துகினு கீது. சோத்துல கல்லு மாட்டுன மாதிரி. கை திரும்பும்போது மட்டும்."

போய்க் கேட்டேன். பிரஸ் சத்தத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நிறுத்தச் சொல்லி, பவரை அணைத்து, இடுக்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். மயிரிழை ஆட்டம் இருந்தது. புது மூட்டில் அது இருக்காது. உள்ளே கியர் பல் தேய்ந்திருக்கிறது. என் பாக்கெட் நோட்டில் தேதி போட்டு, ஆபரேட்டர் சொன்ன சத்தம், கையில் தெரிந்த ஆட்டம், இரண்டையும் எழுதினேன். மேனேஜரிடம் போய் மணிக்கட்டைக் கழற்றிப் பார்க்க ஒருநாள் கேட்டேன். இந்தச் சரக்கு டிஸ்பேட்ச் முடியட்டும் என்றார். அவர் சொல்வார் என்று எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். கிரீஸ் மாற்றாததை அவரிடம் ஞாபகப்படுத்தியிருக்கலாம். அந்தப் பேச்சை எடுத்தால் என் கையெழுத்தும் கூடவே வரும் என்று வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த அம்மா தினமும் கேட்டார், எப்போது பார்ப்பீர்கள் என்று. சத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்றார். ஒரு கட்டத்தில் எனக்கே கேட்க ஆரம்பித்தது.

ஒரு மதியம் கையில் மூடியோடு திரும்பும்போது மணிக்கட்டு இறுகி நின்றது. பின்னால் இருந்த மோட்டார் நிற்காமல் தள்ளியது. உள்ளே ஏதோ முறியும் சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது. சுடு மூடி இடுக்கியோடு தொங்கி, அச்சு மூடும்போது நடுவில் சிக்கியது. அச்சு பிளந்தது. அந்த அம்மா ரோபோவைச் சுற்றியிருந்த கம்பி வேலிக்கு வெளியே நின்றிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு பட்டனை அழுத்தியவரும் அவர்தான். அன்றைக்கு அது சரியான காரணத்துக்காக அழுத்தப்பட்டது.

லைன் பல நாள் நின்றது. ரோபோ விற்ற நிறுவனத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து, மடிக்கணினியைச் செருகி, உள்ளே பதிவாகியிருந்த எல்லாவற்றையும் எடுத்தார். எந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை சூடானது, எத்தனை முறை அவசர பட்டனில் நின்றது. நல்ல மனுஷன். டீ குடிக்கும்போது என்னிடம், உங்கள் ரோபோ இத்தனை நாள் தாங்கியதே பெரிசு என்றார். அவருடைய அறிக்கையில் சூடு, உப்பு, தூள், திறந்த பேனல், வேகம், பட்டன் எல்லாமே இருந்தன. ஆகவே உத்தரவாதம் செல்லாது என்று அவருடைய நிறுவனம் கடிதம் அனுப்பியது.

தலைமை அலுவலகம் காரணம் கேட்டது. காரணம் என்றால் அவர்களுக்கு ஒரு ஆள். அறிக்கையில் இருந்தவற்றில் ஆளின் விரல் படுகிற ஒரே விஷயம் அந்த பட்டன்தான்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. ஏசி அறை. மேனேஜர், பணியாளர் பிரிவு அதிகாரி, அந்த அம்மா, நான். அதிகாரி பெரிய சத்தம் போடுகிறவர் இல்லை. அடக்கமாக, ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். இத்தனை முறை அவசர பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது, இந்தப் பட்டியலை எடுத்துக் கொடுத்தது நீங்கள்தானா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். முந்தின நாள் மேனேஜர், இன்ஜினியர் எடுத்த பதிவில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் போட்டு வரச் சொல்லியிருந்தார். மற்ற பக்கங்களை அவர் கேட்கவில்லை. நான் கொடுக்கவில்லை. அப்படி அழுத்தினால் கியர்பாக்ஸின் ஆயுள் குறையுமா என்று கேட்டார். குறையும் என்றேன். இரண்டு பதிலும் உண்மை. கோட்டில் செம்புக் கம்பி போட்டுத் தைத்ததையும், அனுமதி இல்லாமல் இயந்திரத்தில் கை வைத்ததாக எழுதியிருந்தார்கள். மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷிப்ட் பார்த்தவர்தான் அழுத்தச் சொன்னார் என்று அந்த அம்மா சொன்னார். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று ஷிப்ட் பார்த்தவர் எழுதிக் கொடுத்திருப்பதாக அதிகாரி ஒரு தாளைக் காட்டினார். பிறகுதான் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"சார், சத்தம் வந்துகினு கீதுன்னு நான் உங்ககிட்ட வந்து சொன்னேனா இல்லியா? நீங்க ஆட்டிப் பாத்து நோட்டுல எழுதினீங்களா இல்லியா? அத்த சொல்லுங்க."

நோட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால், சத்தம் தெரிந்த பிறகு நீ என்ன செய்தாய், கடைசியாகக் கிரீஸ் எப்போது மாற்றினாய் என்ற கேள்வி அடுத்து வரும். பதிவேடு மேஜை மேலேயே இருந்தது. நான் மேனேஜரைப் பார்த்தேன். அது தனி விஷயம், அப்புறம் பார்க்கலாம் என்றார் அவர். அதிகாரி அடுத்த தாளைப் புரட்டினார். நான் பேசவில்லை. அந்த அம்மா என்னை விட்டுத் திரும்பி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அதிகாரியைக் கேட்டார்.

மறுநாள் கான்ட்ராக்டர் அவரை வர வேண்டாம் என்றுவிட்டார். கேட்டில் சாப்பாட்டுப் பையைச் சோதித்து, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அதை நான் ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்து பார்த்தேன்.

புது மணிக்கட்டு வெளிநாட்டிலிருந்து வர மாதக் கணக்காகும் என்றதால், ஒரகடத்து ரோபோவின் மணிக்கட்டைக் கழற்றி எங்களுடையதில் மாட்ட முடிவானது. அங்கே வேறு ஆள் வைத்துப் பெட்டி அடுக்கிக்கொள்ளலாமாம். கழற்ற என்னை அனுப்பினார்கள். அந்த ஹாலில் நுழைந்ததும் முதலில் தெரிந்தது அமைதி. எங்கள் ரோபோ வந்த நாளில் இருந்த அதே வெளுப்பில் இது நின்றது. ஓடிய மணி நேரத்தைப் பார்த்தேன், எங்களுடையதைவிட அதிகம். மணிக்கட்டின் அடியில் இருந்த திருகைக் கழற்றினேன். தேன் நிறத்தில் கிரீஸ் மெல்ல வழிந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. எங்கள் மணிக்கட்டைப் பிரித்தபோது வந்தது தார் மாதிரி கருப்பு. அதைத் தேய்த்தால் விரலில் ஜரிகைத் தூள் மினுங்கியது. பல் தேய்ந்து வந்த இரும்பு. அந்த ஹாலில் பராமரிப்பு பார்த்த பையனுக்கும் எனக்கும் ஒரே படிப்பு. இதில் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை, எனக்கு வேலையே இல்லை என்று சிரித்தான். அவனை அடிக்கலாம் போல இருந்தது.

திரும்பி வந்து மாட்டினேன். இந்த முறை தலைமை அலுவலகமே பார்த்துக்கொண்டிருந்ததால், ரோபோவைச் சுற்றித் தகரத்தில் ஒரு அறை கட்டினார்கள். பேனலுக்கு ஏசி வந்தது. கோட்டு இரண்டு வந்தது, ஒன்று மாற்றுக்கு. வேகத்தைக் குறைத்தார்கள். கிரீஸ் மாற்ற மாதத்தில் ஒருநாள் எனக்கென்று ஒதுக்கினார்கள். நான் முதலில் எழுதிக் கேட்ட எல்லாம் வந்தன. அவர் நின்ற இடத்தில் இன்னொரு கான்ட்ராக்ட் பெண் வந்து நின்றார்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எர்ணாவூர் குடியிருப்புக்குப் போனேன். பிளாக் நம்பர் மட்டும் தெரியும், விசாரித்து மூன்றாவது மாடிக்கு ஏறினேன். அவருடைய கணவர் கதவைத் திறந்தார். யார் என்று சொன்னதும் அவர் முகம் மாறவில்லை, உள்ளே திரும்பிப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இறால் உரித்து ஐஸில் போடும் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாராம். உள்ளே வா என்று சொல்லவில்லை. நடையிலேயே நின்றோம்.

கிரீஸ் மாற்றாமல் கையெழுத்துப் போட்டதை, இரண்டு முறை போட்டதை, அதற்குப் பயந்துதான் அன்றைக்குப் பேசவில்லை என்பதைச் சொன்னேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"நீ கிரீஸ் மாத்தலன்னு எனக்குத் தெரியாதா தம்பி? நான் தானே அது பக்கத்துல நின்னுகினு இருந்தேன். நீ ஒருநாள் கூட அத்த தொறக்கல."

"அப்போ விசாரணையில அதைச் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

"சொன்னா உன்னியும் அனுப்பிடுவானுங்க. ரெண்டு பேரு போயி இன்னா ஆவப் போவுது? நீ எனக்கோசரம் ஒரு வார்த்த சொல்லுவன்னு நெனச்சேன். அவ்ளோதான்."

உள்ளே ஏதோ அடுப்பில் பொங்கியது, அவர் திரும்பிப் பார்த்தார். வேறு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், சொல்லவா என்றேன்.

"வேணாம். இனிமே வூட்டுக்கு வராத. இவரு ஒண்ணியும் சொல்ல மாட்டாரு. எனக்குத்தான் புடிக்கல."

கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்விட்டார். அவருடைய கணவர் படி வரை வந்து, கீழ் மாடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, பார்த்து இறங்கு என்றார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் திருவொற்றியூர் வரை நடந்தே வந்தேன். மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுப்பது என்று வழியில் முடிவு செய்தேன். தேரடி வந்தபோது எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். தண்டையார்பேட்டையில் வீட்டுக்குள் நுழைந்தபோது, யோசித்துச் செய்யலாம் என்றாகிவிட்டது.

அடுத்த மாதம் என்னை சீனியர் டெக்னீஷியன் ஆக்கினார்கள். பழுதுக்கான காரணத்தை உடனே கண்டறிந்து நிர்வாகத்துக்கு ஒத்துழைத்ததற்காக என்று கடிதத்தில் இருந்தது. மேனேஜர் எல்லோருக்கும் முன்னால் கை நீட்டினார். நானும் கையைக் கொடுத்தேன்.